எல்லை நிபந்தனை

தலைகீழாய் நிற்கும் முக்கோணத்தை
முதலில் நான் பார்த்தது
செக்கானூரணி ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில்.
சிவப்பு. கீழே, நாம் இருவர் நமக்கு இருவர்.

நான்காம் செமஸ்டரில் அது கரும்பலகைக்கு வந்தது.
வெள்ளை. பெயர் டெல் என்றார்கள்.
பக்கத்தில் புள்ளி வைத்தால்
ஊற்று எங்கே என்று கேட்கும்,
பெருக்கல் குறி போட்டால்
சுழல் எங்கே என்று.
இரண்டு முறை எழுதினேன்.
இரண்டு முறையும் மாற்றிப் போட்டேன்.

மூன்றாம் முறைக்குப் பதினோரு நாள் இருக்கையில்
அல்போன்ஸ் எங்கிருந்தோ கழற்றி வந்தான்,
முனை இரண்டும் கறுத்த நாலடி டியூப்லைட்.
ஸ்டார்ட்டர் மாற்றியும் எரியாதது.
வார்டனிடம் கருமாத்தூரில் கல்யாணம் என்று சொல்லிவிட்டு
நஸ்ரின் வண்டியில் நான்,
கையில் அந்தக் குழாய்,
எதிரே வரும் பேருந்தில் இடிக்காமல்
வேல் மாதிரி நட்டமாய்.

நாகமலைக்குத் தெற்கே
நானூறு கிலோவோல்ட் கோபுரங்கள்.
ஈரக் காற்றில் கம்பிகள்
எண்ணெய்ச் சட்டியாய்ப் பொரிந்துகொண்டிருந்தன.

எதிலும் இணைக்கவில்லை.
மேலே நீட்டினேன்.
எரிந்தது.

எரிந்தது என்பது பெரிய சொல்.
தண்ணீர் ஊற்றிய பால் நிறத்தில்
ஒரு துடிப்பு, அதுவும் பாதிக் குழாய்தான்,
என் கைக்கு மேலே மட்டும்.
கையை ஏற்றினால் வெளிச்சம் சுருங்கியது.
இறக்கினால் கூடவே இறங்கியது.

தொடுகோட்டுக் கூறு தொடர்ந்து வரும்,
செங்குத்துக் கூறு தாவும்,
பரப்பில் தங்கிய மின்னூட்டம் எவ்வளவோ அவ்வளவு.
மனப்பாடமாய்த் தெரியும்.
ஆனால் எல்லை என்பது இதுவரை
ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.
நகம் கடித்த ஐந்து விரல் அல்ல.

யாரது, என்றது ஒரு டார்ச்.
மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவர்,
பேர் ஒச்சுக்காளை.
தலைக்கு மேல் நாலு லட்சம் வோல்ட் போகிறது.
அவர் மோட்டாருக்கு மும்முனை
ராத்திரி பதினொன்றுக்குத்தான்.
அதற்காகத்தான் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

கரண்ட எங்கருந்து எடுக்குறீக?
எடுக்கலண்ணே. இங்கயே இருக்கு.
மீட்டர் ஓடுமா?
அல்போன்ஸ் வாயைத் திறந்து மூடினான்.
ஓடும், நம்ம கணக்குல இல்ல, என்றாள் நஸ்ரின்.
ஒத்தப் போஸ்டுக்கு மனுப் போட்டு நாலு வருசமாச்சு,
என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

பிறகு கையை நீட்டினார்.
கொடுத்தேன்.
எங்கள் மூவர் காலிலும் ரப்பர் செருப்பு.
அவர் காலில் கணுக்கால் வரை சேறு.
குழாய் ஒரு படி கூடுதலாய் வெளுத்தது.
மேலே கம்பி, கீழே நனைந்த மண்,
நடுவில் அவர்.
எதையும் தொடாமல் வந்த மின்னோட்டம்
அவர் வழியாக வீடு போய்ச் சேர்ந்தது.

குழாயைத் தூக்கியபடியே
வாய்க்காலில் உடைப்பு தேடி நாலைந்து எட்டு நடந்தார்.
காணாது, டார்ச்சே தேவலை,
என்று திருப்பித் தந்துவிட்டார்.

இது எம்புட்டுத் தூரத்துக்கு இருக்கும்?
போகப் போகக் குறையும்ணே.
தீரவே தீராது.
அப்பத் தண்ணி மாதிரி இல்ல,
என்றார்.

தூரத்தில் மோட்டார் உறுமியது.
பேச்சை அங்கேயே போட்டுவிட்டு
மண்வெட்டியோடு ஓடினார்.

தேர்வில் பதினான்காம் வினா, ஆ பிரிவு:
இரு ஊடகங்களின் எல்லை நிபந்தனைகளைத் தருவி.
மாத்திரை டப்பா வரைந்தேன்.
அதன் உயரத்தைச் சுழியமாக்கினேன்.
கீழ் ஊடகத்தைக் கோடு போட்டு நிழலடிக்கையில்
பென்சில் தன் பாட்டுக்கு
சேறாய் அப்பிக்கொண்டே போனது.
கண்காணிப்பாளர் கடிகாரத்தைத் தட்டினார்.

டெல்லுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தேன்.
புள்ளிதான்.
முடிவு இன்னும் வரவில்லை.